செங்கால் ஊசித்தட்டான், மே ஒன்பது

1.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பெரில் ஸ்டிக்லண்ட். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, தன் பழைய காரை ஓட்டிக்கொண்டே சொன்னார். கியர் மாற்றும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவார், மாற்றி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பின் சீட்டில் ஒரு பெரியவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார், அல்லது தூங்குவதுபோல் இருந்தார். கதையில் பாதி அவரைப் பற்றியது.

எழுதலாமா என்று கேட்டேன். இரண்டு வளைவு தாண்டும்வரை யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். குளத்தின் பெயரை மாற்ற வேண்டும், ஏனென்றால் நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இப்போதே அதிகம். எந்தப் பூச்சியும் தப்பான மாதத்தில் பறக்கக் கூடாது. மூன்றாவது, பார்க்காததை எழுதக் கூடாது.

முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினேன். மூன்றாவதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. கதை எழுதுகிறவளிடம் போய்ப் பார்க்காததை எழுதாதே என்பது, புளி இல்லாமல் புளிக்குழம்பு வை என்பதுபோல. ஆனாலும் சரி என்றேன். வீட்டுக்கு இன்னும் ஆறு மைல் இருந்தது, இறக்கிவிட்டால் நடக்க வேண்டும்.

குளத்துக்கு டக்கெட் குளம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பெயரில் இங்கே குளமே கிடையாது. மாதங்களையும் சரிபார்த்துவிட்டேன். மூன்றாவது நிபந்தனையைக் காப்பாற்றினேனா என்று கடைசியில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2.

"காலைப் பனியில் குளம் உறங்கிக்கொண்டிருந்தது. பெரில் முழங்காலிட்டு மெல்ல—"

இது முதல் தொடக்கம். அடித்துவிட்டேன். இருட்டில் எழுந்து பனியில் நடுங்குகிறவர்கள் பறவை பார்க்கிற கூட்டம். தட்டான் பார்க்கிறவர்கள் சோம்பேறிகள். வெயில் ஏறாமல் தட்டான் அசையாது என்பது அவர்களுக்குக் கிடைத்த நல்ல சாக்கு. இரண்டாவது டோஸ்ட்டும் தின்று, செய்தித்தாளையும் முடித்துவிட்டு, பத்தரை மணிக்குக் கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வந்து சேர்வார்கள். சாக்ஸ் விஷயம் உண்ணிக்காக. இந்தப் புதர்வெளியில் அழகாக உடுத்துகிறவரை உண்ணி விடாது.

"லயனல் ஸ்க்விப் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தப்பான பதிவை—"

இது இரண்டாவது. நல்ல தொடக்கம்தான், கம்பீரமாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. ஏன் என்பதுதான் கதை என்பதால் இங்கேயே நிறுத்தினேன்.

"நீங்களும் சின்ன வயதில் தட்டானின் வாலில் நூல் கட்டி—"

வேண்டாம். நீங்களும் கட்டினீர்கள், நானும் கட்டினேன். இருவரும் கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டு மேலே போவோம்.

3.

லயனல் ஸ்க்விப் எங்கள் மாவட்டத்துக்கு நாற்பத்தொரு வருடம் பதிவாளராக இருந்தவர். பத்திரப் பதிவு இல்லை, தட்டான் பதிவு. சம்பளம் கிடையாது. ஊரில் யார் எந்தக் குளத்தில் எந்தத் தட்டானைப் பார்த்தாலும் ஒரு கார்டில் தேதி, இடம், இனம், எண்ணிக்கை எழுதி அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் மூலையில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுப் பெட்டியில் வைப்பார். சந்தேகம் வந்தால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு வார்த்தை விளக்கம் இருக்காது.

டாக்டருக்கு, பாதிரியாருக்கு, ஓய்வுபெற்ற கர்னலுக்கு என்று அவர் கேள்விக்குறி போடாத ஆள் இல்லை. ஒருமுறை தன் சொந்தப் பதிவுக்கே கேள்விக்குறி போட்டுத் தனக்கே தபாலில் அனுப்பிக்கொண்டார் என்பார்கள்.

(இந்தக் கதையின் முதல் வடிவத்தைப் பெரிலின் சமையலறையில் உட்கார்ந்து, வரிவரியாக அவர் மொழியில் சொல்லிக் காட்டினேன். இந்த இடத்தில் அவர் கையை உயர்த்தினார். "தபால்ல அனுப்பல. எடுத்து ரெண்டு நாள் தனியா வெச்சிருந்தார், அவ்வளவுதான்." இனி அடைப்புக்குறிக்குள் என் பேச்சோடு பெரிலின் கேள்விக்குறிகளும் வரும்.)

நம் ஊசித்தட்டான் உங்களுக்குத் தெரியும்: ஊசிபோல ஒல்லி உடம்பு, உட்கார்ந்தால் சிறகை முதுகில் மடித்துக்கொள்ளும். இங்கே சிவப்பில் இரண்டு ஊசித்தட்டான் உண்டு. ஒன்று ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிடும், தோட்டத்துத் தொட்டியில்கூடக் கிடைக்கும். அதன் கால் கறுப்பு. இன்னொன்று கொஞ்சம் சின்னது, புதர்வெளிக் குளத்தை விட்டு வராது, ஜூனுக்கு முன் பறக்காது. அதன் கால் சிவப்பு. அதைச் செங்கால் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் யார் சிவப்பு என்று சொன்னாலும் லயனல் ஒரே வார்த்தை கேட்பார்.

"கால்?"

4.

பெரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். (கதைக்குள் 'அவள்' என்கிறேன், காரில் 'அவர்'. கதைக்குள் வந்துவிட்டால் யாருக்கும் தனி மரியாதை கிடையாது. லயனலுக்கு மட்டும் 'ர்' விட மனம் வரவில்லை.) காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவே ஐந்து மணி நேரம் சும்மா கிடந்தது. பின்னல் வேலை கைகூடவில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரு பைனாகுலர் வாங்கினாள்.

அவள் எழுதிய முதல் கார்டு டக்கெட் குளத்துக்குத்தான். கேள்விக்குறி வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயனலோடு குளத்துக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். அப்படியே இருபத்தேழு வருடம்.

அந்த இருபத்தேழில் கடைசி மூன்று வருடம் லயனலின் கண் நடுவே கறை விழுந்துவிட்டது. ஓரமெல்லாம் தெரியும், நேராகப் பார்ப்பது மட்டும் தெரியாது. ஒரு சிவப்பு அசைகிறது என்று அவருக்குத் தெரியும், கால் தெரியாது. பெரில் காரை ஓட்டினாள், நாற்காலியைத் தூக்கினாள், காலையும் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். பாதிரியாரை நம்பாத மனிதர் பெரிலின் கண்ணை நம்பினார்.

லயனலின் ஆயுள் வேலை ஓர் அட்லஸ். மாவட்டத்தின் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரைபடம், பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி. பழைய பதிவென்றால் வெற்று வட்டம், புதியதென்றால் நிரப்பிய வட்டம். பழைய கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையைக் கடைசி வருடக் குளிர்காலத்தில் பெரில் ஏற்றுக்கொண்டாள். அட்லஸ் அச்சுக்குப் போகிற திங்கட்கிழமையோடு லயனல் விலகுவது என்றும், பெரில்தான் அடுத்த பதிவாளர் என்றும் முடிவாகியிருந்தது.

ஜனவரியில் ஒரு நாள், ஷூ பெட்டி ஒன்றின் அடியிலிருந்து தன் சொந்தக் கையெழுத்து அவளைப் பார்த்தது.

டக்கெட் குளம். 9 மே 1996. செங்கால், 2. கால் சிவப்பு.

மூலையில் லயனலின் முதலெழுத்து.

மே ஒன்பதில் செங்கால் கிடையாது. அது அவளுக்கு இப்போது தன் பிறந்தநாளைவிட நன்றாகத் தெரியும், அன்று தெரியாது. கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக எல்லாம் திரும்பி வந்தது. முந்தின நாள் புத்தகத்தில் செங்காலின் படத்தை அவ்வளவு நேரம் பார்த்தது. குளக்கரையில் இரண்டு சிவப்பு எழுந்தது. பைனாகுலரைத் திருகுவதற்குள் மேகம் மூடி, இரண்டும் எங்கோ ஒளிந்துகொண்டது. காலை அவள் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் திரும்பி வந்து உட்கார்ந்து 'கால் சிவப்பு' என்று எழுதினாள். எழுதியதும் நம்பிவிட்டாள்.

(என் தொழிலும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் நான் அவளைக் குறை சொல்லப்போவதில்லை.)

இருபத்தேழு வருடத்தில் டக்கெட் குளத்தில் வேறு யாரும் செங்காலைப் பார்த்ததில்லை. நாய்கள் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அட்லஸின் முன்னுரையில் லயனல் எழுதியிருந்தார்: 'மேற்குப் புதர்வெளியில் செங்காலை முதன்முதலாகக் கண்டவர் பெரில் ஸ்டிக்லண்ட்.' முந்நூறு பக்கப் புத்தகத்தில் அவள் பெயர் வருகிற ஒரே வரி.

கார்டை ஏற்றவும் இல்லை, திரும்பப் பெட்டியில் போடவும் இல்லை. கோட்டுப் பைக்குள் வைத்தாள். ஐந்து மாதம் அது அங்கேயே இருந்தது.

5.

அச்சுக்குப் போகிற திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, ஜூன் இருபத்துநான்கு, கடைசியாக ஒருமுறை டக்கெட் குளத்துக்குப் போகலாம் என்றார் லயனல்.

கோர்ஸ் என்கிற முள்புதர்களில் மிச்சமிருந்த மஞ்சள் பூ வெயிலில் தேங்காய் வாசனை அடித்தது. (இது நானாகப் போட்டதில்லை, அந்தப் பூவுக்கு அசல் தேங்காய் வாசனை. முதல் வருடம் எங்கேயோ பர்ஃபி கிண்டுகிறார்கள் என்று நினைத்தேன். பெரில் ஒப்புக்கொண்டார்.)

"நாற்காலியை இங்க போடு. இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி. வெயில் என் முதுகுல விழணும்."

"மகாராஜாவுக்கு விசிறியும் வீசணுமா?"

"வீசாத. தட்டான் ஓடிடும்."

பெரில் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவள் சிரிக்கவில்லை என்பதை லயனல் கவனித்தாரா என்று தெரியவில்லை. முட்டை சாண்ட்விச்சைப் பிரித்து அவர் கையில் வைத்தாள். (பெரில்: "முட்டை இல்ல. மீன் பேஸ்ட்." சரி, மீன் பேஸ்ட்.)

பாதி சாண்ட்விச்சில் பொன்னிற லாப்ரடார் ஒன்று ஓடி வந்து குளத்துக்குள் பாய்ந்தது. கோரைப் புல்லில் இருந்த அத்தனையும் எழுந்து பறந்தது. பின்னால் ஒரு பெண் கயிற்றை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"பயப்படாதீங்க, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

"பேரு என்னம்மா?" என்றார் லயனல், குரல் வந்த பக்கம் தலையை மட்டும் திருப்பி.

"பிஸ்கெட்."

"பிஸ்கெட்டை டீயில நனைங்க. குளத்துல வேண்டாம்."

அந்தப் பெண் முகம் சிவந்து நாயை இழுத்துக்கொண்டு போனாள். குளம் அடங்க இருபது நிமிடம் ஆனது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"சிவப்பு ஒண்ணு. இடப் பக்கம், கோரை நுனில."

"கால்?"

"கறுப்பு."

"எழுது."

"இன்னொண்ணு. ஜோடி. முட்டை வைக்குது."

"கால்?"

"கறுப்பு. ரெண்டும்."

"எழுது."

பத்து சிவப்பு பார்த்தார்கள். பத்து முறை அவர் கேட்டார், பத்து முறை அவள் சொன்னாள். ஒவ்வொரு 'எழுது'வும் கோட்டுப் பையில் இருந்த கார்டைத் தொட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஒரே ஒரு செங்கால் இன்று வந்து உட்கார்ந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். வந்தால் இந்தக் குளத்தில் அவள் பார்த்தது உண்மையாகிவிடும், கொஞ்சம் தாமதமாக. அப்புறம் கார்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

மேகம் வந்து வெயிலை மூடியது. நொடியில் குளத்தின் மேல் ஒன்றுமில்லை.

6.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எனக்கு லயனலைப் பற்றி ஒரு சந்தேகம்.

இருபத்தேழு வருட ஞாயிற்றுக்கிழமைகள். ஒருவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர், இன்னொருவர் கணவரை எப்போதோ வேண்டாம் என்று அனுப்பிவிட்டவர். முதல் வடிவத்தில் அவர் அவள் கையை இரண்டு முறை பிடித்தார். ஒருமுறை மேகத்தையும் நீர்ப்பரப்பையும் பார்த்து நீண்ட பெருமூச்சு—

(பெரில்: "கையைப் பிடிச்சாரா? எப்போ?" "தெரியாது." "அப்போ எடு." எடுத்துவிட்டேன்.)

காதல் இருந்ததா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று தெரியும். பெரிலின் வீட்டில் அவருக்குத் தனிக் கோப்பை இருக்கிறது. அந்தக் கோப்பையில் வேறு யாருக்காவது டீ ஊற்றினால் பெரில் எழுந்துபோய் மாற்றி எடுத்து வருவார்.

7.

மேகத்தின் கீழ் பெரில் சொன்னாள்:

"லயனல். இந்தக் குளத்துக்கு ஒரு கார்டு ஏத்தல நான். தொண்ணூத்தாறு."

"மே ஒன்பது," என்றார் லயனல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சாண்ட்விச் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"செங்கால் மே மாசம் பறக்காதுன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"எப்போலேருந்து?"

"கார்டு வந்த அன்னைக்கே. சனிக்கிழமை. டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் விட்ட? அன்னைக்கு உன் வீட்ல பென்சில் தீந்துபோச்சா?"

லயனல் காகிதத்தை எட்டாக மடித்தார். அதற்கு மேல் அது மடியவில்லை.

"அந்த வருஷம் புதுசா நாலு பேரு வந்தாங்க. தபால்காரர் ஒருத்தர், பேக்கரில வேலை பாத்த பொண்ணு, பல் டாக்டர் ஒருத்தர். மூணு பேருக்கும் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். மூணு பேரும் அப்புறம் இந்தப் பக்கமே வரல. அந்தத் தபால்காரர் என் கேள்விக்குறியை அவரே கொண்டுவந்து அவரே பிரிச்சிருப்பார், பாவம். நாலாவது கார்டு உன்னோடது. பென்சிலைக் கையில எடுத்தேன், பெரில். எடுத்துட்டு வெச்சுட்டேன். அப்போ இந்த மாவட்டத்துல இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் இருந்தது. பேச ஒரு ஆள் வேணும்னு தோணுச்சு."

"பேச ஆள் வேணும்னு தப்பான பதிவை ஏத்துக்கிட்ட."

"தேதியை நீ தப்பா எழுதியிருப்பன்னு வெச்சுக்கிட்டேன். ஜூன் ஒன்பதுன்னு எழுத வந்தவ மே ஒன்பதுன்னு எழுதிட்டான்னு."

"கார்டு உன் கைக்கு வந்ததே மே மாசம்."

"ஆமா. அந்த இடத்துல கணக்கு கொஞ்சம் இடிக்கும். அதை நான் ரொம்ப யோசிக்கல."

இதற்கு எந்த நாளிலும் பெரில் சிரித்திருப்பாள். இன்று தெர்மாஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"லயனல். நான் இனம் தெரியாமத் தப்பா எழுதல. காலைப் பாக்கவே இல்ல. மேகம் வந்துடுச்சு. பாக்காமலே சிவப்புன்னு எழுதினேன்."

அதுவரை அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது. தப்பாகப் பார்ப்பது யாருக்கும் நடக்கும், அதற்குத்தான் பென்சில். பார்க்காததைப் பார்த்தேன் என்பது வேறு விஷயம். குளத்தில் ஒரு தவளை விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னைக்கு பத்து தடவை கறுப்புன்னு சொன்ன."

"பத்தையும் பாத்தேன்."

"அதை நான் எப்படி நம்பறது?"

கையில் இருந்த தெர்மாஸின் மூடியைத் திறந்தாள், மூடினாள். கண் நிறைந்துவிட்டது. அவரால் அதைப் பார்க்க முடியாது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு வசதியாகவும் இருந்தது, கொடுமையாகவும் இருந்தது.

"நம்பித்தான் ஆகணும்," என்றார் கடைசியில். "எனக்கு வேற கண்ணு இல்ல. கார்டு எங்க?"

"கோட்டுப் பையில."

"அஞ்சு மாசமாவா?"

"அஞ்சு மாசமா."

"அதான் இந்த வெயில்லயும் கோட்டைக் கழட்டாம அலையிற." மேல்பையைத் தடவி ஒரு பென்சில் துண்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். சரியாக அவள் பக்கம் இல்லை, ஒரு சாண் தள்ளி. அவள் கையை அங்கே கொண்டுபோய் வாங்கிக்கொண்டாள். "திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே நீதான் பதிவாளர். உனக்கு ஒரு கார்டு வந்திருக்கு. எழுதினவ புதுசு, பஸ் ஓட்டறவ. மே ஒன்பது, செங்கால், ரெண்டு, கால் சிவப்பு. என்ன பண்ணப் போறீங்க, பதிவாளரம்மா?"

வெயில் திரும்பி வந்தது.

8.

கதை இந்த இடத்துக்கு வந்தபோது எங்கள் தெருவும் வந்துவிட்டது. "மீதி?" என்றேன். "இறங்கு, பின்னாடி வண்டி நிக்குது," என்றார் பெரில்.

எனவே முடிவை நானே செய்ய வேண்டியதாயிற்று. மூன்று செய்தேன். மூன்றையும் சமையலறையில் சொல்லிக் காட்டினேன்.

முதல் முடிவு: வெயில் வந்ததும் பெரிலின் பூட்ஸ் அருகே, பூச்சி தின்னும் செடியின் பசையில் ஒரு சிவப்பு ஊசித்தட்டான் ஒட்டிக்கொண்டு துடிக்கிறது. குனிந்து பார்க்கிறாள். கால் சிவப்பு. மெல்ல எடுத்து லயனலின் உள்ளங்கையில் வைக்கிறாள், அவர் ஓரக்கண்ணால்—

"அந்தச் செடி மேற்குக் கரைல மட்டும்தான் இருக்கு. நாங்க கிழக்குல உக்காந்திருந்தோம்," என்றார் பெரில். "அதோட, ஒட்டினதைப் பிரிச்சா கால் செடியோடவே நின்னுடும்." கேள்விக்குறி.

இரண்டாவது: கார்டை எடுத்து இரண்டாகக் கிழிக்கிறாள், துண்டுகள் நீரில்—

"கார்டை யாரும் கிழிக்க மாட்டோம். தப்பான கார்டுதான் கண்டிப்பா இருக்கணும். இல்லேன்னா அடுத்து வர்றவன் அதே தப்பைப் புதுசா பண்ணுவான். குளத்துல வேற குப்பை போடுவேனா நான்?" இரண்டு கேள்விக்குறி.

மூன்றாவது: பென்சிலை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறாள். கார்டு ஏறட்டும், வட்டம் விழட்டும் என்று இருவருக்கும் புரிகிறது. இருபத்தேழு வருடத் தோழமைக்கு ஒரு வெற்று வட்டம் அதிகம் இல்லை. தெர்மாஸில் மிச்சமிருந்த டீயைப் பங்கு போட்டு—

பெரில் எழுந்து லயனலின் கோப்பையைக் கழுவி, துடைத்து, கொக்கியில் மாட்டினார்.

"நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்போ அந்தக் கட்டத்தைக் காலியா விடு. கார்டுல நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

அட்லஸ் வெளிவந்துவிட்டது. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. செங்காலின் பக்கத்தையும் முன்னுரையையும் பார்த்துவிட்டேன். உங்களிடம் சொல்லப்போவதில்லை. நீங்களாக வாங்கிப் பார்க்கலாம் என்றால், குளத்தின் பெயரைத்தான் மாற்றிவிட்டேனே. கார்டு இப்போது உங்கள் கையில், பென்சிலும்தான். எழுதினவள் புதுசு என்பதை மறந்துவிடாதீர்கள்.

9.

கட்டத்தைக் காலியாக விட்டாகிவிட்டது. என்றாலும் நான் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது விதிக்கு உட்பட்டதுதான். எப்படி அந்தக் காரில் போய் உட்கார்ந்தேன் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. போன ஜூலையில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நிலையத்துக்குப் பின்னால் புதர்வெளி தொடங்குகிற இடத்தில் உள்ள சின்னக் குட்டையில் ஒரு சிவப்பு ஊசித்தட்டானைப் பார்த்தேன். மருத்துவமனையில் யாரோ விட்டுப்போன துண்டுப் பிரசுரத்தில் கார்டு இருந்தது, பதிவாளர் பெரில் ஸ்டிக்லண்ட் என்று முகவரியும் இருந்தது. எழுதினேன்: 'செங்கால், 1. கால் சிவப்பு.' காலை நான் பார்த்தேனா என்று இப்போது கேட்டால், மேசைக்குத் திரும்ப நான்கு நிமிடம்தான் இருந்தது என்பதுதான் என் பதில்.

ஐந்தாம் நாள் கார்டு தபாலில் திரும்பி வந்தது. மூலையில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. முகம் சூடாகிவிட்டது. குப்பையில் போடத்தான் எடுத்தேன். பின்பக்கம் ஏதோ எழுதியிருந்தது.

'சனிக்கிழமை பத்தரைக்கு நானே வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். சேர்ந்து பார்ப்போம். நீளமான சாக்ஸ் போட்டுக்கொள். சாண்ட்விச் எனக்கும் சேர்த்துக் கொண்டு வா, மீன் பேஸ்ட் வேண்டாம்.'

போனேன். குட்டைக் கரையில் ஒரு பெரியவர் வெயிலுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் பெரிலும் மண்டியிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு சிவப்பு வந்து கோரை நுனியில் என் முகத்துக்கு ஒன்றரை அடியில் உட்கார்ந்தது. சிறகை மடித்தது. நான் மூச்சு விடவில்லை.

"கால்?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

பெரில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்காலாக இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம் சொல்கிறேன். குனிந்து பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"கறுப்பு," என்றேன்.

"எழுது," என்றார் அவர்.